மண்சுவரின் ஆயுள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் சோமனூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். சில ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். தறிகளைச் சித்தப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் இந்தக் கோடையில் என்னிடம் வந்திருந்தார்கள். நாங்கள் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள் என்பதால், அவர்களுக்குக் காட்டத் தகுந்த இடமென்று சான் ஹுவான் பௌதிஸ்தா மிஷன் கோவிலுக்கு அழைத்துச் சென்றேன். ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவிகள் 1797இல் நிறுவிய பணித்தளம் அது. இப்போதுள்ள கோவிலை 1803இல் கட்டத் தொடங்கி 1812இல் அர்ச்சித்திருக்கிறார்கள். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பக்கச் சுவர்கள் சரிந்தன. 1976இல்தான் முழுமையாகப் பழுதுபார்த்து முடித்தார்களாம்.

வெள்ளை வெளேரென்ற சுவர்களும், வளைவு வளைவாக நீளும் தாழ்வாரமும், வண்ணம் தீட்டிய பீடமும் கண்ணை விட்டு அகலவில்லை. தரை ஓடுகளில் விலங்குகளின் காலடித் தடங்கள் பதிந்திருக்கின்றன. ஈர ஓடுகளை வெயிலில் காய வைத்திருந்தபோது அவை மிதித்துச் சென்றனவாம். இன்றும் அங்கே திருப்பலி நடக்கிறது. அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் எதையும் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்து, ஜன்னல் பள்ளத்தில் கையை நீட்டிச் சுவரின் கனத்தை முழம் போட்டு, “மண்ணுச் செவுருதானப்பா இது. சுண்ணாம்பு போட்டு வெச்சிருக்கறாங்க, அதனால நிக்குது” என்றார்.

என் கேள்விகள் மூன்று. நம் ஊரில் மட்டும் ஏன் இப்படிப் பழமையைப் பாதுகாக்கத் தெரியவில்லை? கலிபோர்னியா மிஷன்களைத் தொடங்கிய ஹுனிபெரோ செர்ராவை 2015இல் புனிதராக அறிவித்ததைப் பழங்குடி மக்கள் பலர் எதிர்த்தார்கள். அவருடைய படத்தின் முன் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியபோது நான் தடுத்திருக்க வேண்டுமா? மூன்றாவது, எங்கள் ஊர்ப் பழைய மாதா கோவிலுக்குத் திருப்பணிக் குழு அமைத்திருக்கிறார்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சிமெண்டு பூசி, இடுப்பளவுக்குக் கிரானைட்டும் தரைக்கு டைல்ஸும் பதிக்கத் திட்டம். இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நன்கொடை கேட்கிறார்கள். அனுப்பலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு, நான் காலை நடையில் கடந்து செல்லும் பழைய கோவில் ஒன்றின் சுவரில், புதிதாகப் போட்ட சிமெண்டுப் பூச்சு இடுப்பு உயரத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழத் தொடங்கியது. அன்றிலிருந்து சுவர்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனைக்கு நடுவில்தான் உங்கள் அப்பா பல ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சுவரை முழம் போட்ட செய்தி வந்து சேர்ந்தது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் வேறு எவரும் எழுதியிருக்க முடியாத வரி அது ஒன்றுதான். மற்றவை அந்தக் கோவில் வாசலில் கொடுக்கும் துண்டுத்தாளிலேயே இருக்கும்.

உங்கள் முதல் கேள்விக்கு நான் நேரம் செலவிடப் போவதில்லை. வெளிநாடு போய்ப் பழைய கட்டிடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொருவரும் இதே புலம்பலைத்தான் என்னிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் 1769க்கும் 1823க்கும் இடையில் நிறுவிய 21 மிஷன்களில் பல, மெக்சிகோ அரசு 1830களில் அவற்றைத் துறவிகளிடமிருந்து பறித்து நிலங்களைப் பங்கிட்ட பிறகு, கூரை ஓடுகளைக்கூட ஆளாளுக்கு எடுத்துச் செல்ல, மழையில் கரைந்து மண்மேடாகக் கிடந்தவை. லா பூரீசிமா என்ற மிஷனை 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள், பழைய முறைப்படி மண்ணைக் குழைத்துப் பச்சைச் செங்கல் அறுத்துத் திரும்பக் கட்டினார்கள். சாந்தா குரூஸில் நிற்பது பழைய கோவிலின் சிறிய நகல் மட்டுமே. அவர்களும் நூறு ஆண்டுகள் அழியவிட்டுப் பிறகு விழித்துக்கொண்டவர்கள்தாம். ஆகவே நம் குணத்தையும் அவர்கள் குணத்தையும் ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதை நிறுத்துங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கருமத்தம்பட்டி மாதா கோவில் தேருக்குச் சிறுவயதில் எத்தனை முறை போயிருப்பீர்கள்! அங்கே 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் என்ன நடந்தது என்று யாரிடமாவது ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

அந்த நாளில்தான் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக் குரு கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைப் பகுதிக்கு அவரே முதல் ஆயர். உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும், பொறுப்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர். கோவில்களுக்குள் சாதி வழக்கங்களை எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்வது என்ற கேள்வி அவருடைய மனசாட்சியை அரித்துக்கொண்டே இருந்தது. உரோமையிலிருந்து தெளிவான விடை கிடைக்காத நிலையில் 1855இல் பதவியை விட்டு விலகினார். மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859இல் சியரா லியோன் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். செர்ராவின் புனிதத்தைப் பற்றி எனக்கு எழுத நேரம் இருக்கும் கொங்கு நாட்டுக் கத்தோலிக்க இளைஞருக்கு இவருடைய பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரிய ஆசையா?

அம்மாவின் மெழுகுவர்த்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தடுக்காமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி. செர்ரா இறந்தது 1784இல். நீங்கள் பார்த்த கோவிலை நிறுவியவர் அவருக்குப் பின் வந்த லாசுவேன். அம்மா ஏற்றிய ஒளிக்கு உரியவர்கள் கோவிலுக்கு வெளியிலேயே இருக்கிறார்கள். சுவரை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அந்நிலத்துப் பழங்குடி மக்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். திருமுழுக்குப் பெற்றவர்கள் மிஷனை விட்டுத் தம் விருப்பப்படி போக முடியாது. ஓடிப் போனவர்களைப் படைவீரர்களை அனுப்பிப் பிடித்து வந்து சவுக்கால் அடித்தார்கள். அம்மை போன்ற புதிய நோய்கள் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயின. நீங்கள் வியந்த தரை ஓடுகளை அச்சில் வார்த்து வெயிலில் பரப்பியவையும் அந்தக் கைகள்தாம். விலங்கின் பாதம் பதிந்த ஓட்டைக் குனிந்து படம் எடுத்த நீங்கள், அதை வார்த்தவரின் விரல் எங்கேனும் பதிந்திருக்கிறதா என்று தேடினீர்களா? அவர்கள் பேசிய முட்சுன் மொழியை அங்கே பணியாற்றிய அரோயோ தெ லா குவெஸ்தா என்ற குரு சொற்களாகவும் தொடர்களாகவும் எழுதி வைத்தார். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி 1930இல் மறைந்தார். இன்று அந்த மக்களின் வழிவந்தோர் தம் மொழியை மீட்டெடுக்க அந்தக் குருவின் ஏட்டையும் நாட வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினால் இன்னும் நல்லது. தெரியாமல் ஏற்றியதிலும் குறையில்லை.

இனி அந்தச் சுவர்.

உங்கள் அப்பா சொன்னது முற்றிலும் சரி. அங்குள்ள மிஷன்கள் பெரும்பாலும் சுடாத செங்கல்லால் கட்டியவை. களிமண்ணையும் மணலையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, மர அச்சில் அறுத்து, வெயிலில் உலர்த்தி, அதே சேற்றைச் சாந்தாக வைத்து அடுக்குவார்கள். நெருப்பு காணாத அந்தச் செங்கல் தண்ணீர் பட்டால் மீண்டும் சேறாகிவிடும். அதனால்தான் சுவரை அவ்வளவு கனமாக எழுப்பினார்கள், கூரையைத் தாழ்வாரத்தின் மேல் வெகுதூரம் இறக்கினார்கள், சுவர் முகத்துக்குச் சுண்ணாம்பு பூசி அவ்வப்போது வெள்ளையடித்தார்கள். நீங்கள் அழகுக்காக வைத்தது என்று நினைத்த வளைவுத் தாழ்வாரத்தின் முதல் வேலை சுவரை மழையிலிருந்து காப்பது. மெக்சிகோ வழியாக வந்த அந்தக் கட்டுமான மரபில் சப்பாத்திக்கள்ளியின் பசைச் சாற்றைச் சுண்ணாம்பில் கலக்கும் பழக்கமும் உண்டு. நம் ஊர் வேலியோரங்களில் ஒரு காலத்தில் மண்டிக் கிடந்ததும் அதே அமெரிக்கக் கள்ளிக் குடும்பம்தான். 1926இல் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை இங்கே ஒடுக்க முடிந்தது.

சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காளவாயில் சுட்டால், அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. மாதக்கணக்கிலும் சில சமயம் ஆண்டுக்கணக்கிலும் நடக்கும் வேலை இது. இப்படி உண்டாகும் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். சிமெண்டு அப்படிப்பட்டதல்ல. ஏறத்தாழ 1450 பாகையில் சுட்டெடுத்து அரைத்த அந்தத் தூள் நான்கே வாரங்களில் இறுகிவிடும்; மண்சுவரைவிடப் பலமடங்கு கடினமாகவும் இருக்கும். மண்சுவர் வெயிலுக்கும் மழைக்கும் சிறிது விரிந்து சுருங்கும்போது, விட்டுக்கொடுக்கத் தெரியாத சிமெண்டுப் பூச்சு மயிரிழையாக வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மழைநீர் உள்ளே போகும்; வெளியேற வழி இருக்காது. உங்கள் வீட்டுத் தறியில் ஓடும் பருத்திக் காடாத் துணியைக் கழற்றிவிட்டுச் சித்திரை வெயிலில் ஒருவருக்கு நைலான் சட்டை மாட்டிவிட்ட கதைதான். வெளியே பளபளப்பு, உள்ளே புழுக்கம்.

இதைப் படித்துவிட்டு, எழுதுகிறவருக்குப் பழமைப் பித்து என்று நினைப்பீர்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தில், தாவோஸ் நகரை அடுத்த ராஞ்சோஸ் என்ற ஊரில், அசிசி நகர்ப் பிரான்சிசின் பெயரால் ஒரு மண் கோவில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில் எழுந்தது. பின்புறச் சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் பருத்த மண் தாங்கிகளை ஜார்ஜியா ஓ’கீஃப் ஓவியமாகத் தீட்டியும் ஆன்சல் ஆடம்ஸ் ஒளிப்படம் எடுத்தும் உலகப் புகழ் கொடுத்தார்கள். அந்தக் கோவிலின் பங்கு மக்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி மண்ணும் வைக்கோலும் குழைத்துச் சுவருக்குப் புதுப்பூச்சுக் கொடுத்து வந்தார்கள். 1967இல், இனி இந்த ஆண்டுத் தொல்லை வேண்டாம், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று முடிவெடுத்துக் கோவில் முழுவதற்கும் சிமெண்டு பூசினார்கள். உங்கள் திருப்பணிக் குழுவும் இதே காரணத்தைத்தான் சொல்லும். பன்னிரண்டே ஆண்டுகளில் அந்தப் பூச்சை உரிக்க வேண்டிய நிலை வந்தது. வெடிப்புகளின் வழியே நுழைந்த நீர் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கி, சுவரை உள்ளுக்குள்ளேயே கரைத்துக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தவர்களுக்கோ கோவில் புத்தம் புதிதாகத் தெரிந்தது. 1979இல் சிமெண்டை முழுவதுமாக உடைத்தெடுத்து, கரைந்த இடங்களை மண்ணால் நிரப்பி, பழையபடி மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் அந்தப் பங்கைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் சேறு குழைத்துக் கோவிலுக்குப் பூசுகிறார்கள். அந்த நாட்டு மரபில் பூச்சு வேலையில் கைதேர்ந்தவர்கள் பெண்கள்; மண்ணைச் சுமப்பதும் குழைப்பதும் ஆண்களின் வேலை. அடுத்த விடுமுறையில் நீங்கள் போக வேண்டிய இடம் அது. போகும்போது கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு, அனுமதித்தால் ஒரு கூடை மண் சுமந்துவிட்டு வாருங்கள்.

நான் இதையெல்லாம் முதலில் கற்றது தாவோஸிலிருந்து அல்ல. தாராபுரத்துப் பக்கம், அம்மாவின் அப்பாவான என் அப்புச்சியின் தொட்டிக்கட்டு வீடு செம்மண்ணில் எழுப்பியது. கரிசல் காய்ந்தால் பாளமாக வெடிக்கும் என்பதால், வண்டி கட்டிப் போய்ச் செம்மண் கொண்டுவந்து சேர்த்ததாகச் சொல்வார்கள். மார்கழி கடைசியில், பொங்கலை ஒட்டி வரும் காப்புக் கட்டுக்கு முன்னால், வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும். குழியில் நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கற்றாழை நாரை அடித்துக் கட்டிய மட்டையால் பெரியவர்கள் உயரத்தில் அடிக்க, எட்டும் உயரம் வரை எங்களிடம் விடுவார்கள். விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும், அம்மாயி தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே எங்களைத் திட்டுவாள், திட்டிக்கொண்டே அடுத்த சுவரைக் காட்டுவாள். சுவரின் ஒவ்வொரு மூலையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கண்ணிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டுவிடும். எலி வளை, கரையான் புற்று, ஓட்டுச் சந்தில் ஒழுகிய தடம் எல்லாம் அன்றே தெரிந்துவிடும். தை பிறப்பதற்குள் சரிசெய்துவிடுவார்கள்.

மாமாவுக்கு நான்கு காசு வந்தபோது, ஆண்டுக்கொரு முறை இந்த அழுக்கு வேலை எதற்கு என்று, இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்டு பூசிப் பச்சை வண்ணம் அடித்தார். அடுத்த கார்த்திகையில் ஈரக்கோடு சிமெண்டுக்கு மேலே ஏறி நின்றது. அதற்கடுத்த ஆண்டு கோட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு ஒரு நாள் பூச்சு ஒரு பாளமாகச் சரிந்தது. அதன் முதுகில் விரற்கடை கனத்துக்குச் செம்மண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புச்சி அந்தப் பாளத்தைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு மாமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “உள்ள போற தண்ணி வெளிய வாறதுக்கு வழி வெச்சியாடா?” கட்டிடப் பாதுகாப்பைப் பற்றி நான் பிற்பாடு படித்த தடித்த அறிக்கைகள் எதுவும் இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்லவில்லை.

நம் நாட்டில் சுண்ணாம்புக்குப் பஞ்சமா? மதுக்கரையிலும் சங்ககிரியிலும் பூமிக்குள் இருப்பது சுண்ணாம்புக் கல்தான். அந்தக் கல் எல்லாம் சிமெண்டு ஆலைகளுக்குள் போனது. மதுக்கரையில் 1930களிலேயே ஆலை வந்துவிட்டது. காளவாய்கள் அணைந்தன. வட்டமான கல் தொட்டியில் மாடு பூட்டிய உருளைக் கல்லை ஓட்டிச் சுண்ணாம்பும் மணலும் அரைத்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்து நொதித்த நீரை எந்தப் பதத்தில் சேர்ப்பது, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் எத்தனை நாள் விடுவது, எப்போது நீர் தெளித்துத் தேய்ப்பது என்பதெல்லாம் கையோடு இருந்த அறிவு. கை ஓய்ந்ததும் போய்விட்டது. சிமெண்டை நான் வெறுப்பதாக எண்ண வேண்டாம். அணை கட்டுங்கள், பாலம் கட்டுங்கள், உங்கள் தறிக்கூடத்துக்குத் தளம் போடுங்கள். சுண்ணாம்பில் பிறந்த சுவரின் மேல் அதைப் பூசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த நோய் உங்கள் சமயத்துக்கு மட்டும் உரியதுமல்ல. குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் கற்றளிகளின் மேல் மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக் கல்வெட்டெழுத்துகளைத் தேய்த்தவர்களும், மூலிகை வண்ணம் உதிராத சுவரோவியத்தின் மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தாம்.

இவையெல்லாம் அறியாமையால் மட்டும் நடப்பவை என்றும் நான் நினைக்கவில்லை. கிரானைட்டில் பெயர் வெட்டலாம். ‘உபயம்’ என்று போட்டு, ஊர்ப் பெயரும் குடியேறிய நாட்டின் பெயரும் சேர்த்து வெட்டினால் பேரன் காலம் வரை நிற்கும். வெள்ளையடிப்பில் அப்படி எதுவும் கிடையாது. இந்த ஆண்டு ஒருவர் அடித்ததன் மேல் அடுத்த ஆண்டு இன்னொருவர் அடிப்பார். உங்கள் குழுவுக்குக் கிரானைட்டின் மேல் இருக்கும் காதலில் பாதி, உங்களைப் போல வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களின் மனத்தை அறிந்து வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். சான் ஹுவான் பௌதிஸ்தாவின் வெண்மையைப் பார்த்து மனம் கரைந்தவர், தம் ஊர்க் கோவிலுக்குக் கிரானைட்டும் டைல்ஸும் என்று எழுதும்போது அதில் எந்த முரணும் தெரியாமல் எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அங்கே கண்ட அழகு எதனால் ஆனது என்று உங்களுக்கு முன்னால் நின்று ஒருவர் சொன்னார். நீங்கள் அதை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள்.

சரி, பணம். இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டும் திட்டத்துக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். கூட்டம் பெருகிவிட்டதென்றால் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளட்டும். பழையது ஜெபத்துக்கும் வார நாள் பூசைக்கும் இருக்கட்டும். பழுதுபார்ப்பதற்கென்றால் அனுப்புங்கள், ஆனால் வரிசையைச் சொல்லி அனுப்புங்கள். முதலில் கூரை: உடைந்த ஓடுகளை மாற்றி, மரத்தைக் கரையானுக்குப் பார்த்து, தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தள்ளி விழும்படி தகரத் தாரை வைக்கச் சொல்லுங்கள். அடுத்து, கோவிலைச் சுற்றி மண்ணையும் சிமெண்டுத் தளத்தையும் ஏற்றி ஏற்றிப் போட்டிருப்பார்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான். அதை இறக்கி, நீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுக்க வேண்டும். இடைக்காலத்தில் யாரேனும் சிமெண்டு பூசியிருந்தால், மண்ணோடு பெயர்ந்து வராமல் பொறுமையாக உளியால் எடுத்து, சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பூச்சு, சுண்ணாம்பில் மட்டும். ஆவணியில் வேலையைத் தொடங்காதீர்கள். மழைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கொஞ்சம் சிமெண்டு கலந்துவிடுவார்கள். தையில் தொடங்கினால் நேரம் இருக்கும். பிறகு ஆண்டுதோறும் மாதா திருவிழாவுக்கு முன் வெள்ளையடிக்க இளைஞர் குழு பொறுப்பேற்பதாகப் பங்குப் பேரவையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் குழு இசையவில்லை என்றால், பணத்தை வங்கியிலேயே வைத்திருங்கள். பூச்சு உதிரும்போது தேவைப்படும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள். காரைக்குடியில் போய் விசாரித்தால் கிடைப்பார்கள். சிமெண்டுக் கொத்தனாரைவிடக் கூலி கூடுதலாகக் கேட்பார்கள், வேலையும் மெதுவாக நடக்கும். பேரம் பேச வேண்டாம்.

அன்புடன்.